எழுபத்திரண்டாம் ஆண்டும் தோமாவின் கிரயப் பத்திரமும்

ஆண்டுதோறும் ஜூலைத் திங்கள் மூன்றாம் நாளை ஒட்டி, சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உள்ள நம் திருச்சபைகள் பலவற்றில் அப்போஸ்தலனாகிய தோமாவைப் பற்றிய அருளுரை நிகழ்வது வழக்கம். அவ்வருளுரைகளில் இரண்டு எண்கள் தவறாமல் இடம்பெறும். கி.பி. 52-இல் அவர் மலையாளக் கரையில் இறங்கினார், கி.பி. 72-இல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்துண்டு இரத்தசாட்சியாக மரித்தார். முதல் எண் கேரளச் சகோதரர்களுக்கு உரியது என்று விட்டுவிடுகிறோம். இரண்டாம் எண் நம்முடையது என்று பெருமை கொள்ளுகிறோம். 1972-இல் பத்தொன்பது நூற்றாண்டு நிறைவு நினைவுகூரப்பட்டது. 2022-இல் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. கிறிஸ்தவம் வெள்ளையரோடு வந்த சமயம் என்று யாரேனும் ஏளனம் செய்தால், இந்த எண்ணையே உறையிலிருந்து வாளை உருவுவதுபோல் உருவிக் காட்டுகிறோம்.

நம் கல்லூரி மாணவர் ஒருவர் களப்பணிக்காக ஒரகடத்தை அடுத்த ஒரு சிறு சபைக்கு அனுப்பப்பட்டிருந்தார். தோமாவின் திருநாளை ஒட்டி அவரும் மேற்சொன்ன இரு எண்களையும் வைத்தே பிரசங்கித்தார். ஆராதனை முடிந்தபின், ஜார்க்கண்டிலிருந்து வந்து அங்கே ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த இளைஞர் ஒருவர் அரைகுறைத் தமிழில் அவரை வினவினார்: “ஐயா, தோமா இங்கே என்ன வேலைக்கு வந்தார்?” நற்செய்தி அறிவிக்க வந்தார் என்று மாணவர் விடையளித்தார். “அது சரி ஐயா. வேலை என்ன? யார் கூட்டி வந்தது?”

மாணவருக்கு விடை தெரியவில்லை. தம் அறிக்கையில் இதை எழுதியபோது, சற்று வேடிக்கையான வினா என்ற குறிப்போடு எழுதியிருந்தார். வேடிக்கை அதில் ஒன்றும் இல்லை என்பதும், நம் அருளுரைகள் எல்லாம் விட்டுவிட்ட இடத்தை அவ்விளைஞரின் வினா தொட்டுவிட்டது என்பதும் நம் கருத்து. வரலாற்றுத் திறனாய்வின் துணைகொண்டு அக்கருத்தை ஆராய்வோம்.

முதலில் அந்த எண்ணை நோக்குவோம். தோமா இந்தியாவுக்கு வந்திருக்கக்கூடுமா என்பதில் நமக்கு ஐயமில்லை. முதல் நூற்றாண்டில் செங்கடலிலிருந்து முசிறிக்குக் கப்பல்கள் பருவக்காற்றைப் பிடித்து ஆண்டுதோறும் வந்தன, அரிக்கமேட்டில் 1945-இல் நடந்த அகழாய்வு இத்தாலிய மட்கலங்களை வெளிக்கொணர்ந்தது, கி.பி. 77-இல் பிளினி, இந்திய வாணிகத்தால் ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் வெளியேறுகிறது என்று முறையிட்டார். மிளகு வியாபாரி வரக்கூடிய வழியில் அப்போஸ்தலன் ஒருவர் வரக்கூடாதா? வரலாம். ஆயினும் வரக்கூடும் என்பது வேறு, 72 என்பது வேறு.

பழைய ஆசிரியர் எவரும் அந்த ஆண்டைக் குறிக்கவில்லை. ஓரிகன் சொன்னதாக யூசேபியஸ் எழுதுவது, தோமாவுக்குப் பார்த்தியா நாடு பங்காக விழுந்தது என்பதே. அதற்கும் முந்திய சான்று நமக்கு இன்னும் சங்கடமானது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹெராக்கிளியோன் என்பார், அதிகாரிகள்முன் அறிக்கையிட்டு இறவாமல் இயல்பாக மரித்தோர் வரிசையில் மத்தேயு, பிலிப்பு ஆகியோரோடு தோமாவையும் சேர்க்கிறார். அலெக்சாந்திரியாவின் கிளமெந்து அதை எடுத்தாளுகிறார். நான்காம் நூற்றாண்டில் எபிரேம் பாடும்போது தோமாவின் எலும்புகள் எதேசாவில் உள்ளன. மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் நம் கரையில் கேட்ட கதையில், மயிலுக்கு எய்த அம்பு தவறிப்பட்டு அவர் இறக்கிறார். பரங்கிமலைச் சிலுவை 1547-இல் கண்டெடுக்கப்பட்டது. அதன்மேல் பாரசீக எழுத்து இருக்கிறது, ஆண்டு இல்லை. ஆண்டையும் நாளையும் துலக்கமாகக் கூறுவது தோமா பர்வம் என்னும் மலையாளப் பாட்டே. அது 1601-இல் தொகுக்கப்பட்டதாகச் சொல்லப்படுவது. ஜூலை மூன்றாம் நாளுங்கூட அவர் மரித்த நாளாகத் தொடங்கவில்லை. எலும்புகள் எதேசாவுக்குக் கொண்டுவரப்பட்ட நாளாகவே பழைய நாட்காட்டிகள் அதைக் குறித்தன. ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தில் வளர்ந்த நம் மூத்தோர் டிசம்பர் 21-ஐக் கொண்டாடியதையும் மறக்கலாகாது.

திருப்பெரும்புதூரில் இராமாநுசர் 1017-இல் பிறந்தார் என்று நம் அயலார் கொண்டாடுகின்றனர். 2017-இல் ஆயிரமாண்டு விழா எடுத்தனர். அங்கும் ஆண்டு பற்றி ஆராய்ச்சியாளரிடையே பேச்சு உண்டு. ஆனால் அவ்வூரார் ஆண்டைவிடச் சித்திரைத் திருவாதிரையை இறுகப் பற்றியிருக்கின்றனர். நாள்மீனைப் பற்றுவோருக்குச் சான்றுச் சுமை குறைவு. ஆண்டைப் பற்றும் நமக்கு அது மிகுதி.

கி.பி. 72 என்ற பெயரும் அவ்வாண்டில் வாழ்ந்த ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கணக்கு 525-இல் தியோனீசியுஸ் என்னும் துறவி வகுத்தது. உரோமையர் அதை வெஸ்பாசியன் நான்காம் முறையும் தீத்து இரண்டாம் முறையும் கொன்சல் பதவி வகித்த ஆண்டு என்றனர். எதேசாவில் அது செலூக்கிய ஆண்டு 383. எகிப்தில் வெஸ்பாசியனின் நான்காம் ஆண்டு, ஆகஸ்டு இறுதியிலே ஐந்தாம் ஆண்டாக மாறிற்று. அப்படியாயின், அவ்வாண்டில் வாழ்ந்தோர் தம் கையாலேயே எழுதி நமக்கு விட்டுச் சென்றது ஏதேனும் உண்டா? உண்டு. அது தோமாவைப் பற்றியதன்று. தோமாவின் இனத்தாரைப் பற்றியது.

எருசலேம் ஆலயம் 70-இல் எரிந்தது. அதன்பின் உலகெங்குமுள்ள யூதர் ஆலயத்துக்குச் செலுத்திவந்த இரண்டு திராக்மாவை இனி உரோமையின் கபித்தோலியக் கோயிலுக்குச் செலுத்தவேண்டும் என்று வெஸ்பாசியன் கட்டளையிட்டார். யூதேயாவின் நிலங்களை ஏலத்துக்கும் குத்தகைக்கும் விடுமாறும் அதிகாரிகளுக்கு எழுதினார் என்று யோசேபஸ் கூறுகிறார். மேல் எகிப்தின் எட்ஃபூ என்னும் ஊரில் உடைந்த பானையோடுகளின்மேல் மையால் எழுதிய வரிச் சீட்டுகள் கிடைத்துள்ளன. வெஸ்பாசியனின் நான்காம் ஆண்டில், அதாவது 71-72இல், இந்த வரி அங்கே தண்டப்பட்டது; முன்னாண்டுகளின் நிலுவையும் சேர்த்தே தண்டப்பட்டது. பெண்களும் அடிமைகளும் விலக்குப் பெறவில்லை. வேறோர் எகிப்திய ஊரின் கணக்கிலே மூன்று வயதுப் பிள்ளைகளிலிருந்து எண்ணப்பட்டிருக்கிறது. பெரிய போரிலே தோற்ற ஒரு சிறிய மக்களினத்தின் எளியோர், தம் பெயரும் தம் தகப்பன் பெயரும் செலுத்திய தொகையும் எழுதப்பட்ட ஓட்டுச் சில்லைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தனர். நாம் மேடையில் முழங்கும் ஆண்டு, மெய்யாகவே அந்த ஆண்டிலே எழுதப்பட்டு நம் கைக்கு வந்திருப்பது இத்தகைய சீட்டுகளில்தான்.

இனி அவ்விளைஞரின் வினாவுக்கு வருவோம். தோமா என்ன வேலைக்கு வந்தார், யார் கூட்டி வந்தது? இதற்கு விடைகூறும் பழைய நூல் ஒன்று இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எதேசா நாட்டுப்புறத்தில் சிரிய மொழியில் எழுந்த ‘தோமாவின் நடபடிகள்’ என்பதே அது. கிரேக்கப் பாடமும் உண்டு. திருமறைத் தொகுப்பில் சேராத நூல் என்று நம் வகுப்புகளில் ஐந்து நிமிடத்தில் அதைக் கடந்துவிடுகிறோம். அதிலுள்ள கொந்தபோரஸ் என்ற அரசன் கற்பனை என்று ஒரு காலத்தில் எண்ணப்பட்டான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவன் நாணயங்கள் கிடைத்தன. தக்த்-இ-பாகி கல்வெட்டு அவன் ஆட்சியின் 26-ஆம் ஆண்டை ஒரு தொடராண்டின் 103-ஆம் ஆண்டு என்கிறது. பெரும்பாலோர் அதைக் கி.பி. 46 எனக் கணிப்பர். தோமாக் கதையோடு தொடர்புடைய எண்களில் கல்லில் வெட்டப்பட்டது இது ஒன்றே. அதுவும் பரங்கிமலைக்கு வெகு தொலைவிலுள்ள பெஷாவர்ப் பகுதியில்.

நூலின் தொடக்கம் நாம் மேடையில் சொல்லுவதுபோல் வீரமாக இல்லை. சீட்டுப் போட்டு நாடுகளைப் பங்கிடுகின்றனர். தோமாவுக்கு இந்தியா விழுகிறது. அவர் மறுக்கிறார். உடல் வலுவில்லை, எபிரேயனாகிய நான் இந்தியருக்கு எப்படிப் போதிப்பேன் என்கிறார். அச்சமயம் கொந்தபோரஸ் அரசனுக்காகத் தச்சன் ஒருவனை வாங்கி வரும்படி அனுப்பப்பட்ட ஹப்பான் என்னும் வணிகன் எருசலேமின் கடைத்தெருவில் நிற்கிறான். இயேசு அவனை அணுகி, என்னிடம் தச்சுவேலை தெரிந்த அடிமை ஒருவன் இருக்கிறான் என்று தோமாவைத் தொலைவில் காட்டி விற்றுவிடுகிறார். கிரேக்கப் பாடத்தில் விலை மூன்று இராத்தல் வெள்ளி. சிரியப் பாடத்தில் இருபது வெள்ளிக்காசு. சிரிய வாசகனுக்கு யோசேப்பு விற்கப்பட்ட விலை (ஆதி. 37:28) உடனே நினைவுக்கு வந்திருக்கும். விற்பவர் பெயர், அவர் தந்தையாகிய தச்சன் பெயர், வாங்குவோன் பெயர், விற்கப்பட்டோன் பெயர் எல்லாம் கண்ட கிரயப் பத்திரமும் எழுதப்படுகிறது. இவர் உன் எஜமானா என்று வணிகன் கேட்க, ஆம், என் ஆண்டவர் என்கிறார் தோமா. நான் உன்னை அவரிடம் வாங்கிவிட்டேன் என்கிறான் வணிகன். தோமா வாய் திறக்கவில்லை.

இப்பகுதியை எத்தனை முறை படித்தாலும் அந்த மௌனம் நம்மை நிறுத்துகிறது. உயிர்த்த ஆண்டவரை நோக்கி ‘என் ஆண்டவரே’ என்று அறிக்கையிட்டவர் எனச் சுவிசேஷம் காட்டும் அதே மனிதர், இங்கே அதே சொல்லால் தம்மை அடிமைச் சந்தையில் ஒப்புக்கொடுக்கிறார். சிரிய மரபில் தோமா என்ற பெயருக்கு இரட்டையன் என்பதே பொருள். இந்நூல் அவரை இயேசுவின் சாயல் கொண்டவராகவே காட்டுகிறது. தம் சாயலையே விற்பது யார்? அடிமையின் ரூபமெடுத்தார் என்று பிலிப்பியர் நிருபம் கூறுவதை, எதேசாவின் கதைசொல்லி சந்தைத் தெருவிலே வைத்து விளக்கிவிட்டான் என்றே நாம் கொள்ளுகிறோம்.

இன்னும் ஒன்று. மறுநாள் காலை தோமா கப்பலேறும்போது வேறொன்றையும் கொண்டுசெல்லவில்லை. தம்முடைய விலையை மட்டும் கையில் எடுத்துச் செல்லுகிறார். இயேசு அதை அவரிடமே கொடுத்துவிட்டார். உரையாசிரியர் பலர் இதைத் தாண்டிச் செல்வர். தொழிலாளரை ஊர்விட்டு ஊர் அனுப்பிய வரலாறுள்ள தமிழர் தாண்டிச் செல்லலாகாது. இலங்கைத் தோட்டங்களுக்கு நம் முன்னோரைக் கங்காணிகள் அழைத்துச் சென்ற காலத்தில் ‘துண்டு’ என்றொரு சீட்டு வழங்கிற்று. இன்னாருடைய கடன் இவ்வளவு, அதைச் செலுத்தும் தோட்டத்தார் அவரைப் பெற்றுக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். 1921-இல்தான் சட்டம் அதை ஒழித்தது. துண்டில் எழுதிய தொகை கைமாறியபோதெல்லாம் தொழிலாளியின் கையைத் தொட்டதில்லை. அவர் தலைமேல் கடனாகவே ஏறிற்று. விற்கப்பட்டவன் கையிலேயே விலையைக் கொடுத்தனுப்பும் எஜமானை எந்தக் கங்காணியும் கண்டிருக்கமாட்டான்.

நம் நாட்டுச் சட்டமும் ஒரு காலத்தில் இக்கருத்தைத் தொட்டது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளருக்கென 1979-இல் இயற்றிய சட்டம், ஆளெடுக்கும்போதே ஒரு மாதக் கூலியில் பாதி அல்லது 75 ரூபாய், இவற்றில் மிகுதியானதை இடப்பெயர்ச்சிப் படியாகக் கொடுக்கவேண்டும், அதைத் திரும்பப் பெறலாகாது என்றது. நடைமுறையில் எத்தனை பேர் கைக்கு வந்தது என்பது வேறு கதை. அச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டத்தில் பயணப்படி உண்டு. இடப்பெயர்ச்சிப் படி இல்லை.

கப்பல் இறங்கிய முதல் ஊரிலே அரசன் வீட்டுத் திருமணம். அங்கே குழலூதும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளும் எபிரேயப் பெண். விருந்தில் தோமா தம் மொழியில் பாடும்போது அவையோருக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவளுக்கு மட்டும் விளங்குகிறது. அவர் எதிரே அமர்ந்து அவரையே நோக்கிக்கொண்டிருக்கிறாள். சோட்டா நாகபுரியின் சபைகளிலே வளர்ந்து, ஒரகடத்தில் தமிழ் ஆராதனையின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் இளைஞரை நினைத்துக்கொண்டு இப்பகுதியைப் படிப்பது நல்லது.

பின்னர் நூலின் புகழ்பெற்ற பகுதி வருகிறது. அரசன் மாளிகை கட்டப் பொன் கொடுக்கிறான். தோமா அதை ஏழைகளுக்கு ஈந்துவிடுகிறார். கட்டடம் எங்கே என்று அரசன் கேட்க, இவ்வாழ்வை விட்டபின் காண்பீர் என்கிறார், சிறையிலே தள்ளப்படுகிறார். அரசனின் தம்பி காத் இறந்து, விண்ணில் அந்த மாளிகையைக் கண்டு, உயிர்பெற்று வந்து அதை விலைக்குக் கேட்கிறான். நம் பிரசங்கியார் எல்லாருக்கும் பிடித்த கதை. கட்டட நிதிக்கு இதைப் பயன்படுத்தியதைக்கூட நாம் கேட்டிருக்கிறோம். ஏழைகளுக்குக் கொடுத்ததால் கட்டப்படாமற்போன மாளிகையின் கதையைச் சொல்லிக் கட்டடத்துக்குக் காணிக்கை எடுப்பது எளிதில் வரும் துணிவன்று.

நாமோ இக்கதையை முழு மனதோடு ஏற்கவில்லை. இதற்கு எதிரே வேறொரு கட்டடக் கதையை வைத்துப் பார்ப்போம். அது வெஸ்பாசியனைப் பற்றிச் சுவேத்தோனியுஸ் எழுதுவது. எரிந்த கபித்தோலியத்தை மீண்டும் எழுப்பும்போது, பெருந்தூண்களைச் சிறு செலவில் மேலேற்றும் பொறி ஒன்றை அமைத்துத் தருவதாக ஒரு கம்மியன் வந்தான். அரசர் அவனுக்குப் பரிசளித்தார். பொறியை வேண்டாம் என்றார். எளிய மக்கள் உண்ண வேண்டுமே என்பது அவர் காரணம். இங்கே ஏழைகளுக்குப் போய்ச்சேருவது பிச்சையன்று, கூலி. தோமாவின் கதையிலோ, மாளிகை எழும்பியிருந்தால் கல் சுமந்திருக்கவேண்டிய சித்தாள், மரமறுத்திருக்கவேண்டிய கூலியாள் ஆகிய எவரும் தோன்றுவதில்லை. ஏழைகள் பெறுகிறார்கள், பேசுவதில்லை. விண்ணிலுள்ள மாளிகையிலும் குடியேற விரும்புவோர் அரசனும் அரசன் தம்பியுமே.

அதனால் வெஸ்பாசியனே மேலானவர் என்று யாரும் அவசரப்படவேண்டாம். கபித்தோலியத்தில் அவர் கொடுத்த கூலியின் ஊற்றுக்கண் ஒன்றை மேலே கண்டோம்: எட்ஃபூவின் ஏழை யூதன் ஓட்டுச் சில்லிலே கணக்கெழுதிச் செலுத்திய இரண்டு திராக்மா அந்தக் கோயிலுக்கே சென்றது. அதே ஆண்டுகளில் தொடங்கிய கொலோசியம் எருசலேமின் கொள்ளைப்பொருளால் எழுந்தது என்பது அங்குள்ள கல்வெட்டொன்றை ஆராய்ந்தோர் முடிபு. தலைநகரின் உழைப்பாளிக்குச் சோறிடும் அரசு, தோற்ற நாட்டின் மூன்று வயதுப் பிள்ளையிடம் வரி வாங்குகிறது. தோமாவின் கதையிலே கூலி இல்லை. வெஸ்பாசியனின் கதையிலே நீதி இல்லை. முன்னது தர்மத்தைச் சொல்லிக் கூலியை மறந்தது என்பதே அந்நூலின்மேல் நம் முதன்மையான குறை. திருமண வாழ்வையே இழிவாகக் கருதும் அதன் போக்கைப் பிறர் பலர் எழுதிவிட்டனர்.

இந்தக் குறை நம்முடையதும் ஆகும். பரங்கிமலை அடிவாரத்திலிருந்து பூந்தமல்லி வழியாக மேற்கே செல்லும் சாலை இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என நீள்கிறது. தெற்கே பிரிந்தால் ஒரகடம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் வெளிவரத் தொடங்கியது முதல் இவ்வழியெங்கும் ஆலைகள். இங்கே உழைப்போரைக் கேட்டால் அவர்கள் நினைவில் நிற்கும் ஆண்டுகள் வேறு. 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை மூடப்பட்ட 2014. விடுதி உணவால் உடல்நலம் கெட்ட கைப்பேசி ஆலைப் பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்த 2021 டிசம்பர். தங்கள் சங்கத்தை ஏற்கக் கோரிச் சாம்சங் தொழிலாளர் ஒரு மாதத்துக்கு மேலாக வேலைநிறுத்தம் செய்த 2024. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட விடுதிக் கட்டடங்களும் திறக்கப்பட்டன. காத் கண்ட மாளிகையைப் போலன்றி, அவற்றை உயிரோடிருக்கும்போதே காணலாம். இவற்றுள் எதையேனும் நம் அருளுரைகளில் கேட்டோமா? கிறிஸ்துமசுக்குக் கம்பளியும் கேக்கும் கொண்டுசெல்லும் சபைகளை நாம் அறிவோம்; குறை சொல்லவில்லை. ஆனால் கம்பளி வாங்கிக்கொண்டவரிடம், உங்களைக் கூட்டி வந்தது யார், முன்பணம் எவ்வளவு, சம்பளச் சீட்டு கையில் தருகிறார்களா என்று வினவிய போதகர் எத்தனை பேர்?

72 என்ற எண்ணை விட்டுவிட்டால் தோமாவை இழந்துவிடுவோம் என்று அஞ்சுவோர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நாம் பரிந்துரைப்பது ஒன்றே. அடுத்த ஜூலையில் யோவான் 20-ஆம் அதிகாரத்தை வாசித்தபின், அருளுரையில் அந்தக் கிரயப் பத்திரத்தின் கதையையும், விலையைக் கையில் கொண்டு கப்பலேறியவரின் கதையையும் சபைக்குச் சொல்லிப் பார்க்கட்டும். புனைந்த கதை என்று சொல்லியே சொல்லட்டும். நேர்மையாகச் சொன்ன புனைகதை, சான்றில்லாத ஆண்டைவிடச் சபைக்குத் தீங்கு செய்யாது.

நம் மாணவர் அவ்வாறே செய்தார். சில மாதங்கள் கழித்து அதே சபைக்குச் சென்று, தோமா தச்சவேலைக்கு வந்தவர், ஹப்பான் என்னும் வணிகன் கூட்டி வந்தான் என்று தொடங்கிப் பிரசங்கித்தார். வினவிய இளைஞர் அன்று அங்கே இல்லை. ஒப்பந்தம் முடிந்து ஓசூர்ப் பக்கம் வேறு மேஸ்திரியிடம் சென்றுவிட்டதாக அவரோடு தங்கியிருந்தவர்கள் கூறினர். முந்திய மேஸ்திரியிடம் இரண்டு மாதச் சம்பளம் நிலுவை உண்டென்றும், அதற்குச் சீட்டு ஏதும் இல்லையென்றும் சொன்னார்களாம்.